மூக்குக் குத்து

கோட்டையூர் ரயில்வே கேட் தாண்டி
வேலிக்கருவைக்குள் நிற்கும் தகரக் கொட்டகைக்குப்
பெயர்ப் பலகை கிடையாது.
நெடியைப் பிடித்தே வந்துவிடலாம் என்பார்கள்.
எனக்கு அந்த வழி அடைபட்டு மூன்று வருஷம்.

பங்களாக்களை ஓட்டலாக்குகிறவர்கள்
குளியலறைக் குழாய்களைச் சாக்கில் கட்டி அனுப்புவார்கள்.
பித்தளையாக வரும்,
முகம் பார்க்கிற மாதிரி போகும்.
நிக்கலில் ஒரு முக்கு, தண்ணீரில் ஒரு முக்கு,
அப்புறம் குரோமியத் தொட்டி.
கடுங்காப்பியில் செங்கல் பொடியைக் கரைத்த நிறம்.
கரண்ட்டைப் போட்டால் நுரைக்கும்,
நுரை வெடிக்க வெடிக்க மஞ்சளாக ஒரு பனி எழும்.
மார்கழி என்று நினைத்துக்கொள்ளலாம்,
கழுத்து அரிக்காமல் இருந்தால்.

சாத்தையா விரல் கணுக்களில்
அம்மி கொத்தின மாதிரி குழிகள்.
வலிக்கவில்லை என்கிறான்.
சோற்றுக்கு ஸ்பூன் வாங்கிவைத்திருக்கிறான்.

என் கதை சின்னது.
முதலில் மூக்கில் பொருக்கு. பிறகு துண்டில் ரத்தம்.
சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன்.
பிறகு ஒன்றுமில்லை.
நிஜமாகவே ஒன்றுமில்லை:
ஒரு ஞாயிற்றுக்கிழமை
மீன்குழம்பு அடிப்பிடித்துக் கருகித்
தெருவே எட்டிப் பார்த்தபோது
அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து
பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம்.
செல்லாயி ஏதும் கேட்கவில்லை. சட்டியைத் தேய்த்தாள்.
ரொம்ப நேரம் தேய்த்தாள்.

முகாமுக்குப் போகுமுன் மேனேஜர் சொல்லியனுப்பினார்,
தொழில் என்கிற இடத்தில் கூலி என்று போடு.
போட்டேன்.
டாக்டர் பொண்ணு டார்ச்சை இடது துவாரத்தில் வைத்தாள்.
வெளிச்சம் வலது பக்கமாக வெளியே வந்தது.
என்ன வேலை பாக்குறீங்கண்ணே?
கூலி.
படிவத்தைப் பார்த்தாள். என் மஞ்சள் நகத்தைப் பார்த்தாள்.
பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

மகளுக்கு மூக்குக் குத்தினபோது
நாலு பேர் பிடித்துக்கொண்டோம்.
ஆசாரிக்குத் தட்டில் வெற்றிலை, பழம், இருநூறு ரூபாய்.
அவள் அலறியது பள்ளத்தூர் வரை கேட்டிருக்கும்.
எனக்கு யாரும் பிடிக்கவில்லை.
நாள் பார்க்கவில்லை.
தினம் கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளே, நடுவில்.
குத்தியவனுக்குக் கூலிகூட இல்லை;
கூலி எனக்குத்தான் வந்தது,
சனிக்கிழமை தோறும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு
அட்டையை விரித்துப் படுப்போம்.
மூச்சு விட்டால் விசில் வரும்.
அடைக்கலத்துக்குக் கட்டைக் குரல். எனக்குக் கீச்சு.
சாத்தையாவுக்கு விட்டு விட்டு.
ஓட்டை பெரிசானால் சத்தம் தானாக நின்றுவிடும்
என்று அந்தப் பொண்ணு சொல்லியிருக்கிறாள்.
அழகப்பண்ணனுக்குப் போன தைக்கே நின்றுவிட்டது.

ஆவணியில் சேர்ந்த பையன் ஒருவன் இருக்கிறான்,
புதுவயல்காரன், மீசை சரியாக முளைக்கவில்லை.
அவனுக்கும் சத்தமில்லை.
அவன் பக்கத்தில்தான் படுக்கிறேன்.
ஃபேன் இரைச்சலை ஒதுக்கி, ராமேஸ்வரம் ரயிலை ஒதுக்கிக்
காதை மட்டும் விழிக்க வைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் வரவில்லை.

இரண்டு மணிக்கு எழுந்து
கையுறையைத் தேடுகிறான்.
ஒற்றைதான் கிடக்கிறது.