ஐம்பது மைக்ரோகிராம்

பாயான் லெப்பாஸ் சரக்குக் கிடங்கில்
சுங்க அதிகாரி ரொஸ்னா கேட்டார்:
மனிதனா, மிருகமா?
படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான்.

வரிசை மனிதனுடையது, புவான்.
வளர்த்தது சீன வெள்ளெலியின் செல்லில்.
எலி இதில் இல்லை.
மனிதனும் இல்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார்.
தெர்மகோல் பெட்டிக்குள் உலர்பனி
தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தது.

மூன்று மணி நேரம் கழித்து
ஓரத்தில் கையால் 'இதர' என்று எழுதி
முத்திரை குத்தி நீட்டினார்.
இவ்வளவு சிறிய குப்பிக்கா இவ்வளவு பெரிய பெட்டி?
அதன் அடியில் மூச்சு பட்ட கண்ணாடி போல
ஒரு வெள்ளைப் படலம், அவ்வளவுதான்.
என் அரைமாதச் சம்பளம்.

மிண்டன் மேட்டில் மழை பிடித்துக்கொண்டது.
பெட்டியை வயிற்றோடு அணைத்து ஓடினேன்.
குலுக்காதே, நுரைக்க விடாதே,
பத்துப் பங்காகப் பிரி,
உருகியதை மறுபடி உறையவைக்காதே:
கைக்குழந்தைக்குக்கூட இத்தனை விதி கிடையாது.

இது ஓர் ஏற்பி.
செல்லின் சுவரில் நின்று
வெளியே வரும் சேதியைக் கைநீட்டி வாங்கி
உள்ளே சொல்ல வேண்டியது.
சுவருக்கு வெளியே இருந்த பாதியை மட்டும்
நறுக்கி எடுத்திருக்கிறார்கள்.
வாலில் ஆறு ஹிஸ்டிடின்,
நிக்கல் மணிகள் பிடித்துத் தூக்க ஒரு காது.
சேதி வந்தால் இப்போதும் வாங்கிக்கொள்ளும்,
இறுகப் பற்றிக்கொள்ளும்.
சொல்வதற்குத்தான்
உள்ளே என்று ஒன்று கிடையாது.

அந்தச் சேதியை எனக்குத் தெரியும்.
விடியற்காலை ஐந்தரைக்கு
விரல் கணுக்களில் வந்து இறங்கும்.
தீ, தீ என்று கத்தும்,
அடுப்பே பற்றவைக்காத வீட்டில்.
முப்பத்தொரு வயதில் ஒருநாள்
குழாய் மூடியைப் பல்லால் திறக்கப் போனேன்.
ஹிடாயா பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாளிலிருந்து என் மேசையில்
மூடிகள் எல்லாம் தளர்த்தியே இருந்தன.

குப்பியின் மேல் பொடி எழுத்து:
ஆய்வுக்கு மட்டும்.
மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஜெலுத்தோங் வீட்டின் குளிர்பெட்டியில்
கறிவேப்பிலைக்கும் பெலாச்சான் டப்பாவுக்கும் நடுவே
இதன் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள்.
அவளும் பாதி ஏற்பிதான்,
எதிர்ப்பொருளின் வாலைக் கடன் வாங்கியவள்.
ஐம்பது மில்லிகிராம்.
இதைப் போல ஆயிரம் மடங்கு,
விலையோ இதைவிடக் குறைவு.
புதன்தோறும் தொடையில் ஏற்றிக்கொள்கிறேன்.
ரத்தத்தில் அலைந்து திரிந்து
என் பெயருக்கு வரும் சேதிகளை
வழியிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கி
யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறாள்.
சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்குச் சம்பளம்.

நான்கு பன்னிரண்டுக்கு
தங்கச் சில்லின் மேல் சேதியை ஓடவிட்டோம்.
திரையில் கோடு ஏறியது.
கழுவினோம். இறங்கவில்லை.
இன்னொரு முறை கழுவினோம்.
சியூ லிங் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து
விட மாட்டேங்குதே, என்றாள்.
ஆமாம், என்றேன்.
எலிவிசையின் மேல் என் சுட்டுவிரல்
வலியில்லாமல் கிடந்தது. அன்று வியாழன்.

மீதி ஒன்பது குழாய்களிலும் தேதி எழுதினேன்.
ஆறாவதில் எழுத்து கோணிவிட்டது, அழிக்கவில்லை.
மைனஸ் எண்பதின் கதவு கனம்.
பனி தட்டி, பெட்டியை உள்ளே தள்ளி,
மணிக்கட்டை நம்பாமல்
இடுப்பால் சாத்தினேன்.