பை டூ

வெள்ளி காலை பத்து மணிக்குள் சொல்ல வேண்டும்.
இரண்டு மின்னஞ்சலும் ஒரே நாளைக் கேட்கின்றன,
பேசிவைத்துக்கொண்டது போல.

ஒன்று மகாதேவபுரா.
ஆண்டுக்குப் பதினாறு லட்சம், மதியச் சாப்பாடு,
கண்ணாடிக் கட்டடத்தில் எட்டாவது மாடி.
விமான இறக்கை ஒன்றைத் திரையில்
திருப்பித் திருப்பிப் பார்க்கும் வேலை.
இன்னொன்று இங்கேயே, இதே ஆய்வுக்கூடம்.
மாதம் முப்பத்தேழாயிரம், வரும்போது வரும்.
ஐந்து வருடம்.
ஐந்து என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

மத்திகெரே தர்ஷினி வாசலில் நின்றுகொண்டே
ஷெரினும் நானும் பை டூ காபி சொல்கிறோம்.
ஒரு காபி, இரண்டு தம்ளர்.
இந்த ஊரில் எதையும் பாதியாகக் கேட்கலாம்,
யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.
"வேலைல சேர்ந்துட்டு பார்ட் டைமா பண்ணேன்டி."
அவளுக்குப் போன மாதமே சம்பளம் வந்துவிட்டது.
காசை அவள்தான் கொடுக்கிறாள்,
கொடுக்கும்போது என்னைப் பார்க்காமல்.

வீட்டில் கேட்டேன்.
"உனக்கு எது சரின்னு படுதோ" என்றாள் அம்மா.
அதற்குப் பின்னால் குக்கர் இரண்டு முறை கத்தியது.
தம்பி இளம்பரிதி எதுவும் சொல்லவில்லை.
வங்கிக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினான்:
கல்விக் கடன், மாதத் தவணை
பதிமூவாயிரத்து எண்ணூறு, ஆகஸ்டிலிருந்து.
கீழே ஒரு கட்டைவிரல் பொம்மை.
எதற்கென்று தெரியவில்லை.

ஒன்பது நாளாக ஓர் அலுமினியத் துண்டை
இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறது இயந்திரம்.
சுண்டுவிரல் அளவுதான் துண்டு.
நொடிக்குப் பத்து முறை.
எழுபது லட்சம் தாண்டியாயிற்று.
ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாத பாரம்,
திரும்பத் திரும்ப என்றால்தான் வேறு கதை.
உலோக அயர்வு என்று அதற்குப் பெயர்.
ஆறாம் ஆண்டு அனிர்பான்
இரண்டு நாற்காலியைச் சேர்த்துப்போட்டுத் தூங்குகிறான்.
அவனிடம் கேட்கலாம்.
எழுப்பினால் சார்ஜர் கேட்பான்.

வியாழன் இரவு எனக்கு நானே பந்தயம் கட்டினேன்.
பத்து மணிக்குள் உடைந்தால் மகாதேவபுரா,
உடையாவிட்டால் இங்கே.
வெட்கமாகத்தான் இருந்தது.
நான்கு வருடம் படித்துவிட்டு
பூவா தலையா.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு உடைந்தது.
பெரிய சத்தமில்லை. டப்.
எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.
விரிசல் நின்று நின்று போன இடமெல்லாம்
கோடு விழுந்திருக்கும்,
அலை திரும்பிப்போன மணல் மாதிரி.
ஞாயிறு மதியம் கரண்ட் போனதே, அது ஒரு கோடு.
செவ்வாய்க்கிழமை
இயந்திரத்தை நிறுத்திவிட்டு
நேர்முகத்துக்குப் போனேனே, அது இன்னொன்று.
காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன்.
அலுமினியத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தது.

ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய்
நிமிர்ந்தபோது ஒன்பது ஐம்பத்தாறு.
பந்தயத்தை மறந்தே போயிருந்தேன்.
அந்த மறதி என்ன சொல்கிறதென்று
எனக்குத் தெரியாமல் இல்லை.
தெரிந்துகொண்டே
மகாதேவபுராவுக்குச் சம்மதம் என்று அடித்தேன்.
பந்தயத்துக்காக அல்ல,
பதிமூவாயிரத்து எண்ணூறுக்காக.
பேராசிரியருக்கு எழுதியது நீளமாகப் போயிற்று.
அழித்து மூன்று வரியாக்கினேன்.
அந்த மூன்றில் ஒன்று நன்றி.

அனிர்பான் எழுந்து சார்ஜர் கேட்டான்.
கொடுத்தேன்.
திரையைப் பார்த்தவன் தூக்கம் போய்
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்,
என் நாற்காலியை.
"செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு?" என்றான்
கோட்டில் விரலை வைத்து.

இரண்டு பாதியையும் உறையிலிட்டு
மேலே எண் எழுதினேன், பதினேழு.
உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசக் கூடாது,
நடுவில் பஞ்சு வைக்க வேண்டும்.
வைத்தேன்.