நிரப்பி

புன்டா அரேனாஸில் காற்றுக்கு வேலைநேரம் கிடையாது.
எனக்கு உண்டு: விடிகாலை இரண்டரை முதல் பத்து வரை.
கையால் பிட்டால் நாலாய்ப் பிளக்கும் மர்ராக்கெத்தா ரொட்டி
அறுநூறு, சனிக்கிழமையானால் ஆயிரம்.
வீட்டுக்கு வரும்போது புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும்.
முன்பெல்லாம் ஒத்திலியா அதைக்
கட்டைவிரலை எச்சில்படுத்தித் துடைத்துவிடுவாள்.

மூன்று வருஷம் சோகை என்றார்கள். நரம்பு என்றார்கள்.
பிள்ளையில்லாத ஏக்கம் என்றுகூட ஒருத்தர் சொன்னார்.
கடைசியில் மார்தினிச் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார்.
பூத்துவாலைபோல் இழையிழையாய் நிற்கவேண்டிய குடல்சுவர்
பழைய படுக்கைவிரிப்பாய்த் தேய்ந்து கிடந்ததாம்.
"கோதுமை. பார்லி. ரை. ஒரு துணுக்கும் ஆகாது."
அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.
என்னைப் பார்க்காமலிருக்க
அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து மேசைமேல் அந்த ஏழுநாள் பெட்டி.
இரும்பு காலையில், வெறும்வயிற்றில், டீ கூடவே கூடாது.
பி பன்னிரண்டு நாக்கடியில் கரையவேண்டும்.
டி, எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு
(ஜூனில் இங்கே சூரியன் பத்து மணிக்கு வந்து
மாலை டீக்கு முன்பே கிளம்பிவிடும்).
கால்சியத்துக்கும் இரும்புக்கும் ஆகாது,
ஆகவே அது இரவுக்கு.
சம்பந்தி வீட்டாரைப் பந்தியில் உட்காரவைப்பதுபோல்
ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்து வைப்பாள்.
"தின்னமுடியாததையெல்லாம் விழுங்குகிறேன்" என்பாள்.

நான்கு மாதம். அரிசி, உருளை, ஆட்டிறைச்சி, மாத்திரை.
வயிறு அப்படியேதான் ஊதியது.
ரத்தக் கணக்கு அரைப்புள்ளி நகரவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானே பேக்கரியில் குளிக்க ஆரம்பித்தேன்.
சட்டையைக் கொட்டகையில் கழற்றிப் போட்டுவிட்டு
அந்தக் காற்றில் உள்ளாடையோடு ஓடிவந்தேன்.
கத்தி வேறு, பலகை வேறு, துடைக்கும் துணி வேறு.
ஒருநாள் என் தலையணையை நானே தூக்கிக்கொண்டு
முன்னறைச் சோபாவுக்குப் போனேன்.
தடுப்பாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.
என் நகக்கண்ணில், காதுமடலில், மூச்சில்
எங்கோ மாவு இருக்கிறது என்று
இருவரும் தனித்தனியாய் முடிவுசெய்திருந்தோம்.
சால்மன் லாரி ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று
நாளிதழில் வட்டம்கூடப் போட்டு வைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை
மருந்துக்கடைப் பெண் ரயேன்
கால்சியம் டப்பாவின் உள்தாளை விரித்து
எறும்பு எழுத்தில் எழுதியிருந்ததைப்
பூதக்கண்ணாடி வைத்து உரக்கப் படித்தாள்.
மாத்திரை உடையாமல் நிற்பதற்காகச் சேர்ப்பவை:
சாயம், மெழுகு,
கோதுமை மாவுச்சத்து.

இரவுதோறும் ஒன்று. தண்ணீரோடு. மறக்காமல்.
மறந்த இரவுகளில் எழுப்பிக் கொடுத்தவன் நான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
கடையிலேயே சிரித்துவிட்டேன், சத்தமாக.
எலும்புக்கென்று நம்பி அவள் தின்றது
அவளைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.
எனக்கோ விடுதலையான கைதியின் சிரிப்பு.
ஒத்திலியா என்னை ஒருமுறை பார்த்தாள்.
அந்தப் பார்வையை
இன்னும் எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியவில்லை.

"அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்,"
என்றார் மார்தினிச். "கொஞ்ச நாள் பார்ப்போம்."
டாக்டர்கள் அப்படித்தான்;
வாசலைத் திறந்துவிட்டு, காலை மட்டும் குறுக்கே வைத்திருப்பார்கள்.

வீட்டில் அவள் பெட்டியைத் திறந்து
ஏழு இரவு அறைகளையும் குப்பையில் கவிழ்த்தாள்.
காலியான பெட்டி கிலுகிலுப்பை மாதிரி இலேசாய் ஒலித்தது.
நான் முன்னறையில் நின்றேன், தலையணையைத் தொடாமல்.

உள்ளேயிருந்து குரல் வந்தது:
"எடுத்துக்கொண்டு வா.
புருவத்தை மட்டும்
இன்னொரு தடவை கழுவிவிட்டு."