இரண்டாம் வரிசை

ஜுபைலில் இரண்டாம் வரிசை நின்றுவிட்டது.
மூட்டை கட்டும் எந்திரம்
வாயைத் திறந்தபடியே இருக்கிறது.

ஹாய்பாங் வாங்கவில்லையாம்.
கராச்சியில் டாலர் இல்லையாம்.
டன்னுக்கு நாற்பது இறங்கியதாம், நேற்று மட்டும்.
சொல்லிவிட்டு ஃபோர்மேன் செலஸ்டின்
மூன்றாவது டீக்குப் போனார்.

ரூபாயும் விழுந்திருக்கிறது.
பணம் அனுப்பும் கடையில்
தெருமுனை வரை வரிசை,
ரேஷன் கடை மாதிரி, ஆனால் சிரித்த முகங்கள்.
வேம்பாரிலிருந்து ரெஜினா கேட்டாள்:
"இன்னும் விழுமா?"

விழும் என்றேன்.
மார்ச்சில் முடிகிற இக்காமாவைப் பற்றி
அவள் கேட்கவில்லை.

அறைக்கு வந்து ஷூவைக் கழற்றினால்
உள்ளே ஒரு பிளாஸ்டிக் மணி,
அரிசி அளவு, வெள்ளை.
ஏதோ ஊரில் வாளியாகியிருக்க வேண்டியது.
ஜன்னலில் வைத்தேன்.
வெளியே ஃப்ளேர் எரிகிறது,
வழக்கத்தைவிட உயரமாக.