மணிக்கு மூன்று தசம் இரண்டு

சீனக்குடாவில் இரவு இரண்டு மணி.
திரையில் ஒரு பச்சைக் கோடு
மணிக்கு மூன்று தசம் இரண்டு தொன் என்கிறது.
முழுக்க நம்புவதில்லை நான்.
பட்டி நிறுப்பது பாரத்தை.
சூளை கேட்பது சூட்டை.

நேற்றைய லொறி கிண்ணியாவிலிருந்து.
அறுந்த செருப்பு, பால்மாப் பைக்கற்,
ஒற்றைக் கை மட்டும் மிஞ்சிய பள்ளிக்கூடச் சட்டை,
எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கியது.
காய்ந்தால் நிலக்கரிக்குப் பக்கத்தில் வைக்கலாம்.
மார்கழி மழையில் ஊறினால்
நாங்கள் எரிப்பது கொட்டியாரக்குடாவைத்தான்.

ஈரக் கட்டியொன்று திருகில் சிக்கும்.
பத்து விநாடி ஒன்றும் விழாது.
எண்ணூற்று எழுபதிலிருந்து சூடு சரியும்,
கரியைக் கூட்டுவேன்.
அந்த நேரம் பார்த்துக் கட்டி அவிழ்ந்து
அவ்வளவும் ஒரேயடியாய் உள்ளே.
எரிய மூச்சுக் காணாது.
காபன் மொனொக்சைட்டு எகிற, மணி அலற,
வெடித்துவிடாமலிருக்கப் புகைவடிகட்டி
தன்பாட்டில் அணைந்துவிடும்.
விடிய வெள்ளைமணலில்
யாரோ ஒருத்தி கொடியில் போட்ட சேலையில் தூசு.
அவளுக்கு என் பெயர் தெரியாது.
தெரியாமலே ஏசுவாள்.

குழந்தைக்கு ஊட்டுவதுபோல என்றார்கள் பயிற்சியில்.
குழந்தை முகத்தைத் திருப்பும்.
இது கொடுத்ததையெல்லாம் விழுங்கிவிட்டு
மூன்று நாள் கழித்துத் தொண்டை அடைக்கும்.

தேர்தல் முடிந்த கிழமை அப்படித்தான் அடைத்தது.
சைக்கிளோனுக்குள் நீளக் கம்பியால் குத்திக் குத்தி
அந்தோனிமுத்து விழுத்திய சாம்பல்நிறக் கல்லை
எஞ்சினியர் கரவிட்ட
நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.
உப்பு.
கடலைக் குற்றம் சொல்ல வழியில்லை.
பிளெக்ஸ் பானர்.
அதிலிருக்கும் குளோரீன் நெருப்பில் பிரிந்து
போகும் வழியெல்லாம் படிந்து கல்லாகும்.

அன்றிலிருந்து சட்டம்: பட்டியில் பிளெக்ஸ் ஏறக்கூடாது.
நறுக்கும் பொறிக்கு முன்னால் நின்று
ஜெஸீமா உருவி உருவி எறிவாள்.
கும்பிட்டபடி பாதி வேட்பாளர்.
புதுச் சாப்பாட்டுக்கடையின் பிரியாணி.
சாமத்தியவீட்டுப் பிள்ளையொன்றின் நெற்றிச்சுட்டி.
பிறகு, எல்லாவற்றையும்விட அதிகமாய்,
கண்ணீர் அஞ்சலி.
முப்பத்தோராம் நாள். ஓராண்டு. ஈராண்டு.
செத்தவர்களை இந்த நெருப்பு ஏற்காது.

ஒன்றில் மச்சான் தேவரூபன்.
திருக்கடலூர்ச் சந்தியில் ஒன்பது மாதம் வெயிலில் நின்று
சிவப்பெல்லாம் போய் நீலமாய் வெளிறியவன்.
யார் கழற்றினார்களோ.
ஜெஸீமா ஒன்றும் கேட்கவில்லை.
கையுறையால் சேற்றைத் துடைத்து
வேறாக வைத்தாள்.
தேத்தண்ணி குடித்தோம்.

தார்ப்பாய்க்கு எழுதிய கடிதம்
கொழும்பில் யாருடைய மேசையிலோ.
மழையா காத்திருக்கும்?
எறிந்த பானர்களைக் கட்டுக்கம்பியால் தைத்து
எரிபொருள் குவியலுக்குப் போர்த்தினான் அந்தோனிமுத்து.
முகங்களைக் கீழ்ப்பக்கம் போடு என்றாள் ஜெஸீமா.
அச்சுப் பக்கம்தான் வழுக்கும், தண்ணீர் நிற்காது என்றான் அவன்.
அரைமணி நேரச் சண்டை.
வென்றது வழுக்கல்.

இப்போது வேட்பாளரும் தேவரூபனும்
பெரியபிள்ளையானவளும் பிரியாணியும்
வானம் பார்த்துக் கிடக்கிறார்கள்.
நூற்றுக்கு முப்பத்திரண்டாக இருந்த ஈரம்
பதினெட்டுக்கு இறங்கியிருக்கிறது.

திரையில் கோடு கிட்டத்தட்ட நேர்.
ஒட்சிசன் மூன்றுக்குக் கொஞ்சம் மேல்.
ஒரு தசம் கூட்டிப் பார்க்கிறேன். பொறுக்கிறேன்.
சூடு அசையவில்லை.
இன்னொரு தசம் கூட்டலாம்.
விரல் போய்த் திரும்பிவிட்டது.

இந்த அறைக்கு மழைச்சத்தம் வராது.
கண்ணாடிக்கு அப்பால் வெளிச்சத்தில்
நீல நெற்றியொன்றில் தண்ணீர் விழுந்து
நிற்காமல் ஓடுவது மட்டும் தெரிகிறது.

பதிவேட்டில் எழுதுகிறேன்:
இரண்டு நாற்பது. கன மழை. ஊட்டம் சீர்.
தார்ப்பாய் இன்னும் வரவில்லை.