எண்பது கிலோமீட்டர்

காஷூரி தாண்டி மலை ஏறும் முன்
என் கடைதான் கடைசி.
வெள்ளை அடித்த லாரி டயர் ஒன்று
வாசலில் பாதி புதைந்து நிற்கும்.
பெயர்ப்பலகை அதுதான்.

நவம்பர் மழையில் அந்தக் கார் வந்தபோது
பார்த்தவர்க்கு ஒன்றும் தெரிந்திருக்காது.
பழைய ஜெர்மன் வண்டி. சாயவில்லை, தடதடக்கவில்லை.
பின்பக்கம் வலது டயர் மட்டும்
அடியில் லேசாகப் பிதுங்கியிருந்தது,
விருந்து முடிந்து பெல்ட்டைத் தளர்த்தியவன் போல.

இறங்கியவள் லமாரா.
பெயரை ரசீது எழுதும்போதுதான் சொன்னாள்.
முதலில் சொன்னது:
"கதவை அடித்துச் சாத்தாதீர்கள், உள்ளே தூங்குகிறார்."
ஜாக்கி வைத்தால் எழுந்துவிடுவாரே என்றேன்.
"மெதுவாக வையுங்கள்."
முப்பது வருஷத் தொழிலில்
ஜாக்கியால் தாலாட்டச் சொன்னவள்
இவள் ஒருத்திதான்.

ஆணி அகப்பட்டது. ஆணிகூட இல்லை,
சோபாவுக்குத் துணி அடிக்கிற குட்டிக் கொண்டை ஊசி.
கடுகளவு துளை.
"பஞ்சர் ஒட்டினால் போதும்தானே?"

சாதாரண டயருக்குப் பத்து நிமிஷம்.
இது காற்றுப் போனாலும் ஓடுகிற ஜாதி.
பக்கச்சுவர் கட்டை மாதிரி இருக்கும்,
ரிம்மை விட்டு இறங்கவே இறங்காது.
நானும் தெமூரும் ஆளுக்கொரு கம்பி போட்டு நெம்பினோம்.
அவன் கால் வழுக்கியது. திட்டு எனக்கு.

விளிம்பு பிரிந்ததும்
கொட்டியது தூள்.
கருப்பு. காப்பிப்பொடியைவிட நைசு.
ஒரு கை. இரண்டு கை.

"விளக்கு எங்கே எரிந்தது?"
"கோரி பக்கம்."

கோரி இங்கிருந்து நாற்பத்தைந்து.
காற்றில்லாமல் எண்பது வரை போகலாம் என்று
கையேட்டில் போட்டிருக்கிறான்.
நாற்பத்தைந்துக்கு இத்தனை மாவு விழாது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தூளில் விரலைத் தொட்டு
அவள் பக்கம் காட்டினேன்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.
"திபிலீசியை விட்டு வெளியே வந்ததுமே.
ஆஸ்பத்திரியில் பதினோரு ராத்திரி
அவர் கண் மூடவில்லை.
பாலம் தாண்டியதும் தூங்கிவிட்டார், உடனே மஞ்சள் விளக்கு.
நிறுத்தினால் எழுந்துவிடுவார்.
விளக்கின் மேல் கைக்குட்டையைச் செருகிவிட்டு
அறுபதிலேயே வந்தேன்.
வைக்கோல் வண்டிகூட முந்திப் போனது."

ஒட்ட மாட்டேன் என்றேன்.
உள்ளே சுவர் செத்துவிட்டது,
சுரங்கப் பாதைக்குள் கிழிந்தால் அவ்வளவுதான்.
கூடக் கொடுக்கிறேன் என்றாள்.
துளைக்குத்தான் அம்மா என்னிடம் மருந்து,
வந்த தூரத்துக்கு இல்லை.

ஸ்டெப்னி?
இந்த ஜாதிக்கு ஸ்டெப்னி கிடையாது.
டிக்கியைத் திறந்தால் ஒரு போர்வை,
பிளாஸ்டிக் உறையில் எக்ஸ்ரே,
யாரோ வாங்கிக் கொடுத்த, உரிக்காத மாதுளைகள்.

அந்த அளவு திபிலீசியில்தான் உண்டு,
வேனில் ஏற்றிவிட்டால் நாலு மணி நேரம்.
விலையைச் சொன்னேன்.
அவள் பேரம் பேசவில்லை.
பேசியிருக்கலாம். நான் குறைத்திருப்பேன்.
பிறகு நானாகவே குறைத்தேன், வேறு கணக்குச் சொல்லி.

காரை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்தோம்.
தெமூர் சூராமிக்குப் போய்
திராட்சை போட்ட நாசுகி ரொட்டி வாங்கி வந்தான், சூடாக.
அவள் பாதியைப் பிய்த்துக்
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

இருட்டுகிற நேரம், கண்ணாடி இறங்கியது.
முகம் சவரம் செய்யாத முகம்.
"ஏன் சாய்ந்திருக்கிறோம்?"
"மலைப் பாதை, ஒத்தியா."
"இன்னும் எவ்வளவு?"
"வந்துவிட்டோம். பக்கம்தான்."

சுக்தீதி இன்னும் இருநூறு கிலோமீட்டர்.
நான் கருப்புத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
தெமூர் வாயைத் திறந்தான்.
துடைப்பத்தை அவன் கையில் கொடுத்தேன்.