நிலாவிடம் இருக்கும் சாவி

லீசிங் கம்பனி தந்த கலண்டரில்
மே மாதம் சிவப்பு.
வெசாக்குக்கு இரண்டு நாள், பிறகு ஹஜ்.
நிலா முழுசாக வந்தால் பள்ளிக்கூடம் பூட்டு,
கீற்றாக வந்தாலும் பூட்டு,
தீபாவளிக்கு அது வராமலே விட்டாலும் பூட்டு.
பெரிய வெள்ளியையும் நிலாவைப் பார்த்துத்தான் குறிப்பார்களாம்,
டெரன்சியாவின் அப்பா சொன்னார்.

வான் ஓடாத நாளுக்குக் காசை வெட்டுகிறார்கள்.
லீசிங்காரன் வெட்டுவதில்லை.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு தகப்பன் கேட்டார்:
"அவரவர் பெருநாளுக்கு
அவரவர் பிள்ளை நின்றால் போதாதா?"
நானும் தலையாட்டினேன், பொய் சொல்லக்கூடாது.
ஆனால்
றுஸைக் வராத நாள் பார்த்து டீச்சர் பின்னக் கணக்கைத் தொடங்கினால்?
தொழப் போனதற்குத் தண்டனை மாதிரி
ஒரு கிழமை முழிப்பான்.
சரி, பூட்டட்டும்
என்று முடிவெடுத்து நிம்மதியாகப் படுத்தேன்.

வெசாக் காலை.
புளூமெண்டால் ஒழுங்கையில் நிறுத்திய வானின் கதவை
யாரோ இழுக்கும் சத்தம்.
பக்கத்து வீட்டுப் பிரவீணா.
கொள்ளுப்பிட்டி ஹோட்டலில் அறை கழுவும் அவள் அம்மாவுக்குப்
போயா கிடையாது.
பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குக் கொடுக்கும் சோறும் முட்டையும்
இன்றைக்குக் கிடையாது.

"போவோம் அங்கிள்."
"இண்டைக்கு லீவு, பிள்ளை."
"தெரியும்" என்றாள்,
றுஸைக்கின் இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தபடி.

டீசல் விற்கும் விலைக்கு எஞ்சினைத் தொடவில்லை.
உள்ளே போய்ப் பாணும் சம்பலும் கொண்டுவந்தேன்.
பாதியைத் தின்றாள்.
மீதியைத் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்,
இன்டர்வலுக்காம்.